மேரி ஸ்டோப்ஸுக்கு வந்த கடிதங்கள்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த இறுதி வருடத்தில், ஞாயிறு பத்திரிகைகளில் வரும் வைத்தியர் கேள்வி - பதில் பகுதியை என்னுடைய ஆய்வுக்கு எடுத்திருந்தேன். பத்து வருடப் பழைய பத்திரிகைகளை நூலகத்தில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கொப்பியில் எழுதினேன். கேட்பவர்களுக்குப் பெயர் இருக்காது. முதலெழுத்து, வயது, ஊர், அவ்வளவுதான். சிலர் ஊரையும் மறைத்துவிடுவார்கள். மூட்டு வலி, சீனி வருத்தம் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வரியில் கேட்டு முடித்துவிடுவார்கள். கலியாணம் முடித்து மூன்று வருடமாகியும் கணவரோடு சேர முடியவில்லை என்று கேட்பவர் பத்து வரி எழுதுவார். அந்தப் பத்து வரியிலும் அவர் கேட்க வந்த விசயம் எங்கே இருக்கிறது என்று வாசிக்கிறவர்கள்தான் தேட வேண்டும்.

இதை ஒருநாள் எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது, நூறு வருடத்துக்கு முதல் லண்டனில் ஒரு பெண்ணுக்கு இப்படியான கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, தேடி வாசியுங்கள் என்றார். அடுத்த கிழமை சில பக்கங்களை போட்டோக்கொப்பி எடுத்தும் தந்தார். மேரி ஸ்டோப்ஸ் என்ற பெயரை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் மான்செஸ்டர் நெசவாலைத் தொழிலாளியின் மனைவி, பாதிரியார், இராணுவ அதிகாரி என்று பலதரப்பட்டவர்கள். ஆனால் சுற்றி வளைத்துக் கேட்கும் விதம் என் கொப்பியில் இருந்ததைப் போலவே இருந்தது.

அதன்பிறகு மேரி ஸ்டோப்ஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். அவரை எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்டால் இன்றுவரை ஒரு பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1880 ஒக்டோபர் 15ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். தகப்பன் ஹென்றி ஸ்டோப்ஸ் மதுவடிசாலைகளை வடிவமைத்த பொறியியலாளர். ஓய்வு நேரமெல்லாம் கற்கால மனிதரின் கல்லாயுதங்களைத் தேடி மண் கிண்டியவர். தாய் சார்லட் கார்மைக்கேல் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர். பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத காலத்தில் எடின்பரோவில் பல்கலைக்கழகச் சான்றிதழ் வாங்கியவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். இவ்வளவு படித்த, இவ்வளவு முற்போக்கான வீட்டிலும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அரசியல் உரிமை பேசுகிற வீடுகளில் இந்த விசயம் தானாகவே பேசப்பட்டுவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்கள் இயக்கங்களையும் கட்சிகளையும் பார்த்த பிறகும் அப்படி நினைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

பன்னிரண்டு வயதுவரை தாயே வீட்டில் வைத்துப் படிப்பித்தார். பிறகு பள்ளிக்கூடம், அதன்பிறகு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி. தாவரவியலிலும் புவிச்சரிதவியலிலும் 1902இல் பட்டம். அங்கிருந்து ஜெர்மனியின் மியூனிக் நகரம். அங்கே 1904இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வின் தலைப்பைக் கவனியுங்கள்: சைக்கஸ் வகைத் தாவரங்களின் இனப்பெருக்க உறுப்புகள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்த மரத்தைத் தெரிந்திருக்கும். அதே வருடம் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக எடுத்தது. அங்கே விஞ்ஞானம் படிப்பித்த முதல் பெண் அவர். நிலக்கரிக்குள் புதைந்திருக்கும் ஆதிகாலத் தாவரங்கள்தான் அவருடைய துறை. நிலக்கரியின் நான்கு பகுதிகளுக்கு 1919இல் அவர் வைத்த பெயர்களை இன்றும் அந்தத் துறையில் பாவிக்கிறார்கள். வேறு எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் ஒரு நல்ல விஞ்ஞானியாக அவரை நினைவில் வைத்திருப்பார்கள்.

மியூனிக்கில் கென்ஜிரோ பூஜி என்ற ஜப்பானியத் தாவரவியலாளரோடு காதல் வந்தது. அவர் திருமணமானவர். சில வருடம் கடிதத்திலேயே காதல் வளர்ந்தது. 1907இல் ஆய்வு உதவித்தொகை எடுத்துக்கொண்டு மேரி ஜப்பானுக்கே போனார். ஹொக்கைடோவின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆய்வு செய்வது வெளிக்காரணம். ஆய்வு நன்றாக நடந்தது. காதல் நடக்கவில்லை. அவர் வந்து இறங்கிய பிறகு பூஜி மெல்லமெல்ல விலகிக்கொண்டார். 1909 தொடக்கத்தில் மேரி திரும்பிவிட்டார். அந்தக் காதல் கடிதங்களைப் பிறகு புனைபெயரில் புத்தகமாகவும் போட்டார். எதையும் வீணாக்காத மனுசி.

1911 மார்ச் மாதம் கனடாவின் மொன்றியலில், ரெஜினால்ட் ரகிள்ஸ் கேட்ஸ் என்ற தாவரவியலாளரைத் திருமணம் செய்தார். தன் பெயரை மாற்றவில்லை. மேரி ஸ்டோப்ஸாகவே இருந்தார். லண்டனுக்கு வந்து குடித்தனம் நடத்தினார்கள். வருடங்கள் போயின. பிள்ளை இல்லை. தன் திருமணத்தில் ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தோன்றியது, ஆனால் என்ன குறைகிறது என்று சொல்ல முடியவில்லை. பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்துக்குப் போய், சாதாரண வாசகர்களுக்கு இலேசில் கொடுக்காத மருத்துவ நூல்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வாசித்தார். அதன்பிறகுதான் தனக்கும் கணவனுக்கும் இடையில் தாம்பத்திய உறவு ஒருபோதும் நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டாராம்.

இது மேரி சொன்ன கதை. கேட்ஸ் இதை மறுத்தார். தன் பக்கத்துக் கதையை எழுதியும் வைத்துவிட்டுப் போனார். தாவரங்களின் இனப்பெருக்கத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிய முப்பது வயதுப் பெண்ணுக்குத் தன் படுக்கையறையில் நடக்காதது என்னவென்று தெரியாதா என்று நானும் முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. மேரி தன் கதையைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்லியிருப்பார். அவருடைய மற்றக் கதைகளும் அப்படித்தான். ஆனால் ஓ.எல். வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்துக்கு நூறு புள்ளி எடுத்த பிள்ளைகள் எத்தனை பேர் ஒன்றுமே தெரியாமல் கலியாண வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ரீச்சர் அந்தப் பாடத்தை வீட்டில் வாசித்துக்கொண்டு வரச் சொன்னார். வாசித்தோம். படத்தில் பாகங்களைக் குறிக்கவும் தெரிந்தது. அந்தப் படத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை.

திருமணத்தை இரத்துச் செய்யக் கேட்டு மேரி நீதிமன்றம் போனார். வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்து, கன்னி என்று சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. தன் உடம்பையே சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்தி, 1916இல் விடுதலை வாங்கினார். அதற்கு முன்பே, அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தார். அதன் பெயர் மரீட் லவ், அதாவது மணவாழ்வில் காதல்.

புத்தகத்தை ஏற்கப் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். போரினால் பெண்கள் மணப்பதற்கு ஆண்களே குறைவாக இருக்கிற நேரத்தில், இருக்கிற சிலரையும் பயமுறுத்துகிற புத்தகம் எதற்கு என்பது ஒருவருடைய எண்ணம். கடைசியில் கைகொடுத்தவர் ஹம்ப்ரி வேர்டன் றோ. தமையனோடு சேர்ந்து ஏவ்ரோ விமானக் கம்பனியைத் தொடங்கியவர். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஏவ்ரோ விமானம், பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் பறந்தது, அந்தக் கம்பனியின் பெயர்தான். வறிய பெண்களுக்குக் கருத்தடை நிலையம் அமைக்க மான்செஸ்டர் வைத்தியசாலை ஒன்றுக்குப் பணம் கொடுக்க முன்வந்து, அவர்கள் மறுத்ததில் மனம் நொந்திருந்தவர். புத்தகச் செலவுக்கு 200 பவுண் கொடுத்தார். 1918 மே மாதம் மேரியை மணந்தும் கொண்டார்.

புத்தகம் வெளிவந்தது 1918 மார்ச் 26. ஐந்து நாட்களுக்கு முன்புதான் பிரான்சில் ஜெர்மன் படை பெரும் தாக்குதல் ஒன்றைத் தொடங்கியிருந்தது. பிரித்தானியப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கிழமையில் வெளிவந்த புத்தகம் இரண்டு வாரத்தில் இரண்டாயிரம் பிரதி விற்றது. அந்த வருடம் முடிவதற்குள் ஆறு பதிப்புக் கண்டது. அமெரிக்காவில் அதை ஆபாசம் என்று 1931வரை தடைசெய்து வைத்திருந்தார்கள்.

அதில் என்ன இருந்தது? இன்றைக்கு வாசித்தால் பூவும் நிலவும் அலையுமாகத் திகட்டுகிற மொழி. மேரி கண்டுபிடித்ததாகச் சொன்ன, பெண்ணின் ஆசைக்கு இரண்டு கிழமைக்கொரு முறை வரும் ஏற்ற இறக்கக் கணக்கு, பிறகு நிலைக்கவில்லை. ஆனால் இரண்டு விசயங்களைச் சொன்னார். பெண்ணுக்கும் ஆசை உண்டு, அது நோயும் அல்ல நடத்தைக்கேடும் அல்ல. அடுத்தது, தாலி கட்டிவிட்டதால் - அவர்களுக்கு மோதிரம் - கணவனுக்கு ஒவ்வொரு இரவும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு முறையும் அவளுடைய மனதைக் கேட்டு, காத்திருந்து, அவளுக்கும் விருப்பமானபோதுதான் நெருங்க வேண்டும். வைத்தியர்களுக்கான நூல்களில் இதில் பாதி ஏற்கனவே இருந்தது. ஒரு கடையில் ஆறு ஷில்லிங் கொடுத்து ஒரு மனைவி வாங்கி வாசிக்கக்கூடியதாக யாரும் எழுதியிருக்கவில்லை.

அதன்பிறகுதான் கடிதங்கள். வந்து குவிந்தன. பெண்களைப் போலவே ஆண்களும் ஏராளமாக எழுதினார்கள். முதலிரவில் மனைவி அழுததற்குத் தான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டவர்கள், தன் இயலாமையை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டவர்கள், இருபது வருட மணவாழ்வில் இதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை என்றவர்கள். ஏழைப் பெண்கள் எழுதியவை வேறு மாதிரி. ஒன்பது பிள்ளை பெற்று நான்கைப் புதைத்தவர்கள், இன்னொரு பிள்ளை வந்தால் உயிர் போய்விடும் என்று வைத்தியர் எச்சரித்தும், வராமல் தடுப்பது எப்படியென்று அதே வைத்தியர் சொல்ல மறுத்தவர்கள். புத்தகத்தில் கருத்தடை பற்றி அதிகம் இருக்கவில்லை. எல்லோரும் கேட்டதோ அதைத்தான். அதனால் அந்த வருடக் கடைசியிலேயே வைஸ் பேரன்ட்ஹூட் என்ற இரண்டாவது புத்தகத்தை எழுதினார். அடுத்த வருடம், தொழிலாளர் குடும்பத்துத் தாய்மாருக்கென்று பதினாறு பக்கச் சிறு பிரசுரம்.

அந்தக் கடிதங்களில் போர் நிறைய இருக்கிறது. விடுமுறையில் வந்த இரண்டு வாரத்துக்குள் அவசரமாகக் கலியாணம் செய்து, ஒருவரையொருவர் அறியாமலே பிரிந்து, உடம்பும் மனமும் மாறிப்போய்த் திரும்பி வந்தவர்கள். அவற்றை வாசிக்கையில் எனக்கு 2007, 2008 வன்னிதான் நினைவுக்கு வரும். கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைத் தப்ப வைக்க, பதினாறு பதினேழு வயதில் கட்டிக்கொடுத்த காலம். என்னோடு படித்த ஒருத்திக்கும் அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது. ஒரு தறப்பாள் கொட்டிலில், நாலு பேர் முன்னிலையில் தாலி. இரண்டு பேருக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பல வருடம் கழித்து ஒரு பின்னேரம் அவள் எனக்கு அதைச் சொன்னாள். அந்த இரவு தனக்கு ஏதோ காயம் பட்டுவிட்டதென்று நினைத்துத் தாயிடம் ஓடியதாகவும், தாய் வாயைப் பொத்தியதாகவும் சொன்னாள். இருவரும் இப்போதும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள், மூன்று பிள்ளைகள். பிறகும் அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லையாம். அவளுக்கு எழுதிப்போட ஒரு மேரி ஸ்டோப்ஸ் இருக்கவில்லை. என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள். போரின் கணக்கெடுப்பில் இது எந்த நிரலிலும் வராது.

மேரிக்கும் ஒரு இழப்பு வந்தது. 1919 ஜூலை. அவருக்கு முப்பத்தெட்டு வயது, முதற் பிள்ளை. முழங்காலில் இருந்து பெற வேண்டும் என்று விரும்பினார். பிரசவ விடுதியில் இருந்தவர்கள் விடவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அவர்கள்தான் தன் பிள்ளையைக் கொன்றார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். வைத்தியர்கள்மேல் அவருக்கு இருந்த கோபத்தின் வேர் இதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்திலும் இறந்து பிறந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை, சடங்கு இல்லை, ஒரு மூலையில் தாழ்த்துவிட்டு வந்து, அடுத்தது வரும் அழாதே என்று தாய்க்குச் சொல்வோம். தனக்கு என்ன செய்யப்பட்டதென்று சத்தமாகக் கேட்கிற உரிமை அந்தத் தாய்க்கு உண்டென்று ஒருவரும் சொல்வதில்லை. மேரி கேட்டார், எல்லோரோடும் சண்டை பிடித்தார். 1924இல் சத்திரசிகிச்சை மூலம் ஹரி பிறக்கும்வரை அந்தத் துக்கம் அவரோடு இருந்தது.

1921 மார்ச் 17ஆம் திகதி, லண்டனின் வடக்கே ஹொலவே பகுதியில், மார்ல்பரோ வீதி 61ஆம் இலக்கத்தில், தாய்மாருக்கான கிளினிக் திறக்கப்பட்டது. பிரித்தானியாவின் முதலாவது கருத்தடை நிலையம் அதுதான். பணம் கணவனும் மனைவியும் போட்டது. ஆலோசனை இலவசம். உள்ளே வைத்தியசாலை வாடை வரக்கூடாது, வீட்டு அறை போல இருக்க வேண்டும் என்பதில் மேரி பிடிவாதமாக இருந்தார். வந்தவர்களைப் பார்த்தது பயிற்றப்பட்ட மருத்துவிச்சிகள். தேவையென்றால் மட்டும் ஒரு பெண் வைத்தியர். கருப்பை வாயில் பொருத்தும் சிறிய இறப்பர் மூடியைத்தான் அதிகம் கொடுத்தார்கள். திருமணமான பெண்களை மட்டுமே பார்த்தார்கள். கருக்கலைப்புக்கு இடமே இல்லை; மேரி அதை வெளிப்படையாக எதிர்த்தார். பிறகு குதிரை வண்டியில் நடமாடும் கிளினிக்கும் நடத்தினார். பிராட்போர்டில் ஒரு கத்தோலிக்கப் பெண் அந்த வண்டிக்குத் தீ வைத்தார்.

இதற்கு முன்பு இந்த விசயத்தைப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார், 1877இல் லண்டனில் ஒரு கருத்தடைப் பிரசுரத்தை மறுபதிப்புச் செய்ததற்காக நீதிமன்றத்தில் நின்றார். அந்த விசயத்தைக் காட்டியே மகளை வளர்க்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்தார்கள். மேரி இதை அறியாமல் இறங்கவில்லை.

ஹலிடே சதர்லாண்ட் என்ற கத்தோலிக்க வைத்தியர் 1922இல் எழுதிய நூலில், மேரி ஏழைப் பெண்களின் உடம்பில் பரிசோதனை நடத்துகிறார் என்று குற்றஞ்சாட்டினார். மேரி மானநட்ட வழக்குப் போட்டார். 1923இல் தோற்றார், மேன்முறையீட்டில் வென்றார், 1924 நவம்பரில் பிரபுக்கள் சபையில் மறுபடியும் தோற்றார். செலவு முழுவதும் அவர் தலையில். ஆனால் பத்திரிகைகள் தினமும் எழுதியதில் அதுவரை கருத்தடை என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகளுக்கெல்லாம் சொல் போய்ச் சேர்ந்தது. புத்தக விற்பனையும் ஏறியது. 1930இல் சுகாதார அமைச்சு, உடல்நலக் காரணம் இருந்தால் தாய்மாருக்கு உள்ளூராட்சிகள் இந்த ஆலோசனையைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அதே வருடம் ஆங்கிலிக்கன் ஆயர்களும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

இதுவரை வாசித்தால் மேரி ஒரு வீராங்கனை. நானும் ஆய்வில் அப்படித்தான் எழுதினேன். அவர் கொடுத்த அந்த இறப்பர் மூடியின் பெயரை அப்போது நான் கவனிக்கவில்லை. புரோ-ரேஸ். இனத்துக்கு நல்லது என்று அர்த்தம். கிளினிக்கை நடத்திய சங்கத்தின் பெயரிலும் இனமுன்னேற்றம் என்ற சொல் இருந்தது. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தரம் பிரிக்கிற யூஜெனிக்ஸ் கொள்கையில் மேரி ஊறிப்போனவர். நோயாளிகள், குடிகாரர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், அவர் கண்ணுக்குத் தரமற்றவர்களாகத் தெரிந்தவர்கள் எல்லோரையும் கட்டாயமாக மலடாக்கச் சட்டம் வேண்டும் என்று 1920இல் வந்த ரேடியன்ட் மதர்ஹூட் நூலில் எழுதினார். பிள்ளையின் பிரகாசம் பற்றிய புத்தகத்தில்தான் இதை எழுதினார். 1935இல் நாஸிகளின் பேர்லினில் நடந்த மக்கள்தொகை மாநாட்டுக்குப் போய் வந்தார். 1939 ஓகஸ்ட், போர் தொடங்கச் சில வாரம் இருக்கையில், தன் காதல் கவிதைப் புத்தகம் ஒன்றை ஹிட்லருக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பலர் நினைத்தார்கள்தான். ஆனால் அவருக்குக் கடிதம் எழுதிய வேறு யாருக்கும் ஒரு கிளினிக் இருக்கவில்லை.

2013 ஓகஸ்ட் மாதக் கடைசியில் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் மூன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகளின் கிளினிக் என்று அழைக்கப்பட்டுப் போன தாய்மாருக்கு, சரியாக விளக்கம் சொல்லாமல், வற்புறுத்தி, மேற்கையில் தோலுக்குக் கீழே கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். அதிகாரிகள் வற்புறுத்தவில்லை என்றார்கள். அப்போது நடந்த விவாதம் முழுக்க இனத்தின் எண்ணிக்கையைப் பற்றியே இருந்தது. எங்கள் இனத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2009ஐக் கண்ட சனத்துக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

பிறகு ஒருமுறை வன்னிக் கரையோரத்தில் ஒரு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். நாலு பிள்ளை, கணவன் கடற்றொழில். தனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று அவர் எப்போதோ முடிவெடுத்திருந்தார். ஊசியா, மாத்திரையா, லூப்பா, குச்சியா, எது தன் உடம்புக்குச் சரிவரும் என்று கேட்க ஆசைப்பட்டவர் அவர். கேட்டால் மிஸ் ஏசுவா என்று பயம். கணவனிடம் கேட்டால் சந்தேகம் வரும். மேடையில் பேசியவர்களோ அவர் நிறையப் பெற வேண்டும் என்றார்கள். அவர் பெறக்கூடாது என்று நினைத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தில் ஒருவராவது அவரை இருத்தி வைத்து, உனக்கு என்ன வேணும் பிள்ளை என்று கேட்டதாக அவருக்கு நினைவில்லை. மேரியின் கிளினிக்கில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதே கிளினிக்கின் பெயர்ப்பலகையில் அதற்கு எதிரான சொல்லும் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நான் நிறைய நாள் முயன்று பார்த்துவிட்டேன்.

கடைசிக் காலம் சந்தோசமானதல்ல. ஹம்ப்ரியோடு காதல் வற்றிப்போனது. 1938இல், வேறு உறவு வைத்துக்கொள்ள மனைவிக்குச் சுதந்திரம் உண்டு என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்தார். எழுத வைத்தவர் மேரி. மணவாழ்வில் காதலைப் பற்றி உலகத்துக்கே சொன்னவரின் வீட்டில் அது நடந்தது. மற்றக் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யவும் அவரால் முடியவில்லை. ஒரு காலத்தில் நண்பராக இருந்த அமெரிக்காவின் மார்கரட் சாங்கர் போட்டியாளரானார். தன்னைத் தவிர வேறு யாரும் இதைத் தொடங்கவில்லை என்று மேரி நம்பத் தொடங்கியிருந்தார்.

ஒரே மகன் ஹரியைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். சைக்கிள் ஓட விடவில்லை, சிறுவயதில் காற்சட்டை போட விடவில்லை. விளையாட்டுத் துணைக்கென்று சில பையன்களைத் தத்தெடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்து, பிடிக்காமல் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிப் போன அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பதுண்டு. ஹரி வளர்ந்து ஒரு பெண்ணை விரும்பினார். அவள் பெயரும் மேரி. அணைகளைத் தகர்த்த குண்டை வடிவமைத்த பார்ன்ஸ் வோலிஸ் என்ற பொறியியலாளரின் மகள். படித்த பெண், நல்ல குடும்பம். அவளிடம் மேரி ஸ்டோப்ஸ் கண்ட குறை ஒன்றுதான்: அவள் கண்ணாடி போட்டிருந்தாள். கிட்டப்பார்வை பிள்ளைகளுக்குப் போகும், வம்சம் கெடும் என்று எதிர்த்தார். 1948இல் திருமணம் நடந்தபோது தாய் போகவில்லை. அடுத்த வருடம் ஹம்ப்ரி இறந்தார்.

மேரி ஸ்டோப்ஸ் மார்புப் புற்றுநோயால் 1958 ஒக்டோபர் 2ஆம் திகதி, டோர்க்கிங் நகருக்கு அருகில் இருந்த தன் நோர்பரி பார்க் வீட்டில் இறந்தார். சாம்பலை போர்ட்லாண்ட் முனையில் கடலில் கரைத்தார்கள். கிளினிக்கை யூஜெனிக்ஸ் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். 1976இல் அந்தக் கிளினிக்கை எடுத்து நடத்தத் தொடங்கியவர்கள் அவருடைய பெயரையே நிறுவனத்துக்கும் வைத்து உலகமெங்கும் கொண்டுபோனார்கள். 2020 நவம்பரில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மகனுக்கு அவர் விட்டுப்போனதில் சொல்லக்கூடியது ஒரு பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதி. ஹரி தத்துவம் படிப்பித்து, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து, 2014இல் இறந்தார். மேரிக்கு வந்த கடிதங்கள் லண்டனில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவர் ஒன்றையும் எறியவில்லை.